கையெழுத்துக்கு உள்குத்தகை

சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் 'உள்குத்தகை' என்ற சொல்லுக்கு அகராதி தேவையில்லை. உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். கொட்டகையை நடத்துகிறவர் வேறொருவராக இருப்பார். மருந்தைக் கையால் அள்ளுகிற பெண்பிள்ளைக்கு இருவர் பெயரும் தெரிந்திருக்காது. எல்லாம் சுமுகமாக நடக்கிற வரையில் இதில் யாருக்கும் ஒரு சங்கடமும் இல்லை. வெடித்த பிறகுதான் "யார் பொறுப்பு?" என்ற கேள்வி பிறக்கும். 2021 பிப்ரவரியில் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் கருகியபோது பத்திரிகைகளில் அடிபட்ட சொல்லும் இந்த உள்குத்தகைதான்.

அந்தச் சொல்லை இப்போது வேறோர் இடத்திலும் உபயோகிக்க வேண்டியிருக்கிறது. நம்மில் பலர் நம்முடைய கையெழுத்தையே உள்குத்தகைக்கு விட்டுவிட்டு, அது தெரியாமலே நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கிறோம்.

சாத்தூர் ஒரு காலத்தில் பேனா நிப்புக்குப் பேர் போன ஊர். அந்த நிப்பை மையில் தொட்டு எத்தனையோ வியாபாரிகள் ரசீதிலும் பத்திரத்திலும் கையெழுத்திட்டார்கள். நிப்பும் போயிற்று, மைக்கூடும் போயிற்று. இன்று ஒரு கம்பெனியின் டைரக்டர் அரசாங்கத்துக்குக் கணக்குக் காட்டவும், ஜி.எஸ்.டி. நமூனாவைத் தாக்கல் செய்யவும், டெண்டர் போடவும் பேனாவை எடுப்பதில்லை. கட்டைவிரல் அளவு டோக்கன் ஒன்றைக் கம்ப்யூட்டரில் செருகி, ரகசிய எண்ணைத் தட்டினால் கையெழுத்து விழுந்துவிடுகிறது.

அந்த டோக்கனுக்குள் இருப்பது ஒரு சாவி. பித்தளைச் சாவியோ இரும்புச் சாவியோ அல்ல. அறுநூறு இலக்கத்துக்கு மேல் நீளுகிற எண்களால் ஆன சாவி. இரண்டு பிரம்மாண்டமான பகா எண்களைப் பெருக்கி இதைச் செய்கிறார்கள். பெருக்குவது யந்திரத்துக்கு ஒரு நிமிஷ வேலை. பெருக்கி வந்த விடையைப் பார்த்து அந்த இரண்டு எண்களைக் கண்டுபிடிப்பதோ கோடி கம்ப்யூட்டர் சேர்ந்தாலும் ஆகாத காரியம். இந்த வித்தையிலிருந்து ஒரு ஜோடிச் சாவி பிறக்கிறது. ரகசியச் சாவி உடையவன் மட்டுமே கையெழுத்திட முடியும். பொதுச் சாவியைக் கொண்டு உலகத்தில் யார் வேண்டுமானாலும் அந்தக் கையெழுத்தைச் சரி பார்க்கலாம்.

இதைப் பற்றி நம் நாட்டில் சட்டமே இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 40-வது பிரிவு, சாவி ஜோடியைச் சந்தாதாரரே உண்டாக்கிக்கொள்ள வேண்டும் என்கிறது. 42-வது பிரிவு, அந்த ரகசியச் சாவியைத் தம் வசத்திலேயே வைத்துக் காப்பது அவர் கடமை என்கிறது. அது கைமாறிவிட்டதாகச் சான்று கொடுத்த நிறுவனத்துக்கு அவர் தெரிவிக்கிற நிமிஷம் வரையில் பொறுப்பு அவருடையதே என்றும் அடித்துச் சொல்கிறது. 'எனக்குத் தெரியாது, ஆபீஸ் பையன் பார்த்துக்கொண்டான்' என்ற வாதத்துக்கு அங்கே இடமே இல்லை.

நடப்பது என்ன? சான்று வாங்குகிற அன்று மட்டும் முதலாளி செல்போன் முன்னால் முகத்தைக் காட்டி, தம் பெயரைச் சொல்கிறார். அத்தோடு அவர் கடமை முடிந்தது. சாவியை உண்டாக்குகிறவன் யாரோ ஒரு பையன். டோக்கன் தங்குவது ஆடிட்டர் ஆபீஸ் மேஜை இழுப்பறையில். பத்துப் பதினைந்து டோக்கன்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். சீட்டில் முதலாளியின் பெயரும் ரகசிய எண்ணும்! சில ரக டோக்கன்கள் தொழிற்சாலையிலிருந்து வரும்போது ஒன்று முதல் எட்டு வரை வரிசையாக உள்ள எண்ணோடு வருகின்றன. வந்த எண்ணை மாற்றாமலே மூன்று வருஷத்தை ஓட்டிவிடுகிற மகானுபாவர்கள் இருக்கிறார்கள். எண்ணத் தெரிந்த ஒன்றாம் வகுப்புக் குழந்தை அவர்கள் கையெழுத்தைப் போட்டுவிடலாம்.

"எங்கள் ஆடிட்டர் தங்கமானவர்" என்று கோபிப்பார்கள். தங்கமானவராகவே இருக்கட்டும். அவர் ஆபீசில் நேற்றுச் சேர்ந்த பையனும், நாளை வேலையை விட்டுப் போகிறவனும், ராத்திரி கூட்ட வருகிறவனும் தங்கமானவர்களா என்பதல்லவா கேள்வி? உங்கள் வீட்டுப் பீரோச் சாவியை அவரிடம் கொடுப்பீர்களா? பீரோவில் இருப்பது பத்துப் பவுன். இந்தச் சாவியில் இருப்பதோ உங்கள் பெயர்.

இது ஏதோ படிப்பு வாசனை இல்லாத வியாபாரிகளின் அசட்டுத்தனம் என்று படித்தவர்கள் சிரிக்க வேண்டாம். அவர்களிடம்தான் இப்போது வருகிறேன்.

ஆடிக் கடைசி வெள்ளியன்று இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு, அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகிற அந்த மணல்வெளிக்கு, எங்கெங்கிருந்தோ ஜனங்கள் நடந்தே வருகிறார்கள். பெங்களூரில் உத்தியோகம் பார்க்கிற நம் ஊர்ப் பிள்ளைகளும் லீவு போட்டுவிட்டு வருகிறார்கள். அப்படி வந்த ஒரு பையனிடம் இந்த டோக்கன் சமாசாரத்தைச் சொல்லி வருத்தப்பட்டேன். அவன் சிரித்தான்.

"அண்ணாச்சி, நீங்க இன்னும் ஒவ்வொரு சாவியா எண்ணிக்கிட்டிருக்கீங்க. எங்க வேலையில கறுப்புத் திரையில ஒரே ஒரு வரி தட்டுவோம். ராத்திரி நாங்க தூங்கும்போது ஆயிரம் சாவி தானா உண்டாகிக் கிடக்கும்."

"யார் பெயருக்கு?"

"சர்வருக்கு, அண்ணாச்சி. ஆளுக்கு இல்ல."

சர்வர் என்றால் காபி கொண்டு வருகிறவர் அல்ல, எங்கோ ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர் என்று எனக்கும் தெரியும். அது எப்படி நடக்கிறது என்று விளக்கச் சொன்னேன். வெகு சுவாரஸ்யமாக விளக்கினான். ஜி.பி.ஜி. என்ற இலவசப் புரோகிராம் இருக்கிறது. சாவி செய்யச் சொன்னால் அது மனிதனைக் கேள்வி கேட்கும்: பெயர் என்ன, மின்னஞ்சல் என்ன, சாவிக்கு ஆயுள் எத்தனை நாள், காவலுக்கு என்ன ரகசியச் சொல்? ஆயிரம் சாவிக்கும் உட்கார்ந்து பதில் சொல்ல ஆள் ஏது? ஆகையால் பதில்களை எல்லாம் முன்கூட்டியே ஒரு சிறு கோப்பில் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். யந்திரம் அதைப் படித்துக்கொண்டு சாவிகளைச் செய்து தள்ளுகிறது.

அந்தக் கோப்பின் இரண்டு வரிகள்தான் என் தூக்கத்தைக் கெடுத்தன. ரகசியச் சொல் கேட்டால் வேலை நின்றுவிடும் என்பதற்காக ஒரு வரி எழுதுகிறார்கள். அதன் அர்த்தம், 'பாதுகாப்பு வேண்டாம்' என்பது. ஆயுள் என்ற இடத்தில் பூஜ்யம் போடுகிறார்கள். பூஜ்யம் என்றால் 'என்றைக்கும் காலாவதி ஆகாது' என்று பொருள். காவலும் இல்லாத, சாவும் இல்லாத சாவி! எழுதியவன் வேறு கம்பெனிக்குப் போய்விடுவான். கோப்பு மட்டும் ராத்திரி தோறும் வேலை செய்துகொண்டிருக்கும். டோக்கனில் பெயர் ஒட்டிய சீட்டாவது இருந்தது. இங்கே அதுவும் இல்லை.

"யந்திரம் தப்புப் பண்ணாது, அண்ணாச்சி. மனுசன்தான் பண்ணுவான்" என்றான் பையன். இந்த மந்திரத்தை இன்று எல்லோரும் ஜபிக்கிறார்கள். ஆனால் சரித்திரம் அப்படிச் சொல்லவில்லையே!

சாவியின் உயிர் அதன் குருட்டாம்போக்கில் இருக்கிறது. யாரும் ஊகிக்க முடியாத எண்ணாக இருந்தால்தான் அது சாவி. இதற்காகவே பழைய ஜி.பி.ஜி. புரோகிராம், சாவி பிறக்கும்வரை விசைப்பலகையில் எதையாவது தட்டிக்கொண்டிருங்கள், எலியை அசைத்துக்கொண்டிருங்கள் என்று மனிதனைக் கெஞ்சும். அவன் விரல்களின் ஒழுங்கீனம் அதற்கு வேண்டியிருந்தது. 2006 செப்டம்பரில் டெபியன் என்ற பிரபலமான இயங்குதளத்தில் ஒரு திருத்தம் செய்தார்கள். சோதனைக் கருவி ஒன்று குறை சொன்னது என்பதற்காக இரண்டு வரிகளை எடுத்துவிட்டார்கள். குருட்டாம்போக்கு உள்ளே வந்துகொண்டிருந்த வாசல் அந்த வரிகள்தான்! மிஞ்சியது, கம்ப்யூட்டர் ஒவ்வொரு வேலைக்கும் கொடுக்கிற வரிசை எண் மட்டும். விளைவு, ஒரு ரகத்தில் ஒரு நீளத்தில் பிறக்கக் கூடிய சாவிகள் மொத்தமே 32,767. அத்தனையையும் முன்கூட்டியே செய்து ஒரு பெட்டியில் போட்டு வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். 2008 மே மாதத்தில் லூசியானோ பெல்லோ என்ற அர்ஜென்டினாக்காரர் கண்டுபிடித்துச் சொல்கிற வரையில், இருபது மாதம், யந்திரங்கள் ஓயாமல் இந்தப் பொய்ச் சாவிகளைச் செய்துகொண்டிருந்தன. ஒரு தடவைகூட 'கோளாறு' என்ற செய்தி வரவில்லை. சந்தேகப்பட அங்கே ஆள் இல்லை.

அத்தோடு போயிற்றா? 2012-இல் நதியா ஹெனிங்கர் முதலிய ஆராய்ச்சியாளர்கள் இணையம் முழுவதையும் சலித்துப் பொதுச் சாவிகளைச் சேகரித்து ஒன்றோடொன்று ஒப்பிட்டார்கள். பாதுகாப்பான இணைப்புத் தருவதாகச் சொல்லிக்கொண்ட கம்ப்யூட்டர்களில் இருநூறுக்கு ஒன்றின் ரகசியச் சாவியை உட்கார்ந்த இடத்திலேயே கணக்குப் போட்டு எடுத்துவிட்டார்கள். பெரும்பாலும் அவை சின்னச் சின்னச் சாதனங்கள். மின்சாரம் கொடுத்ததும், குருட்டாம்போக்குச் சேருமுன்பே, அவசர அவசரமாகச் சாவி செய்துகொண்டவை. இரண்டு சாதனங்கள் ஒரே பகா எண்ணை எடுத்துக்கொண்டிருந்தன. இரண்டும் ஒன்றையொன்று காட்டிக் கொடுத்தன.

நான் யந்திரத்துக்கு விரோதி அல்ல. கையால் செய்வதே உத்தமம் என்று பிரசங்கம் பண்ண வரவில்லை. மனிதன் தானே யோசித்து எண் சொன்னால் பிறந்த தேதியையும் பெண்டாட்டி பெயரையும்தான் சொல்வான். யந்திரம் அவனைக் காட்டிலும் எவ்வளவோ மேல். 2015 டிசம்பரில் பொதுஜனங்களுக்குத் திறக்கப்பட்ட 'லெட்ஸ் என்க்ரிப்ட்' என்ற ஸ்தாபனம், இணையத் தளங்களுக்கு இலவசமாக, முழுக்க யந்திரத்தின் மூலமே சான்று கொடுத்தது. ஆனால் ஆயுள் 90 நாள் என்று தொடங்கும்போதே வரையறுத்தது. மனிதன் மறப்பான் என்று தெரிந்து, மறந்தாலும் சாகும்படி சான்றைச் செய்தார்கள். அது புத்தியுள்ள யந்திர வேலை. 'காலாவதி பூஜ்யம்' என்று எழுதி வைப்பதற்குச் சோம்பேறித்தனம் என்றுதான் பெயர்.

பொறுப்பேற்க ஆள் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் நம் நாட்டிலேயே திருஷ்டாந்தம் உண்டு. 2014 ஜூலையில் மத்திய அரசின் தேசியத் தகவல் மையத்திலிருந்து கூகுள் பெயரில் அனுமதியில்லாத சான்றுகள் வெளிவந்தது அம்பலமாயிற்று. வெட்கக்கேடுதான். ஆனால் கூகுள் கண்டுகொண்ட மறுநாளே, சான்று நிறுவனங்களை மேற்பார்வையிடும் கட்டுப்பாட்டு அதிகாரியின் அலுவலகம் அந்த மையத்தின் இடைநிலைச் சான்றுகளை ரத்து செய்தது. ரத்து செய்ய ஓர் அதிகாரம் இருந்தது. அதற்கு ஒரு பெயர் இருந்தது. ஆயிரம் அநாதைச் சாவிகளை ராத்திரியில் செய்து குவிக்கிற கோப்புக்கு அப்படி யார் இருக்கிறார்கள்?

ஆகவே என் கட்சி இதுதான்: சாவியைச் செய்கிற வேலையை யந்திரத்திடம் விடலாம், சாவிக்குப் பதில் சொல்கிற வேலையை யாரிடமும் விட முடியாது. ஒவ்வொரு சாவிக்கும் ஓர் ஆயுளும், ஒரு காவலும், பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடிய ஒரு மனிதனும் வேண்டும். கறுப்புத் திரைக்காரப் பிள்ளைகள் அந்தக் கோப்பில் இதற்கும் இடம் வைக்கட்டும். ராத்திரியில் தானே விழித்து வேலை செய்கிற சர்வருக்கு ரகசியச் சொல் கேட்டால் நடக்காது என்றால், அதன் சாவியைக் களவாட முடியாத சாதனத்துக்குள் வைக்கட்டும். குறுகிய ஆயுள் கொடுக்கட்டும். வியாபாரிகளோ டோக்கனை வீட்டுக்குக் கொண்டு போகட்டும். கையெழுத்துப் போடுகிற அன்று எடுத்து வரட்டும். மாசத்துக்கு ஒரு மணி நேரம் நஷ்டம். பெயரைக் காப்பாற்ற அது அதிகமா?

'எங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது' என்பது சாக்கு. இருக்கன்குடி உண்டியலைத் திறக்கிற அன்று பாருங்கள். அறநிலையத் துறை அதிகாரிகள், கோயில் நிர்வாகத்தார், பக்தர்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருக்கப் பகிரங்கமாகத் திறந்து எண்ணுகிறார்கள். அம்மனின் காசை ஒரே ஆளின் இழுப்பறையில் விட நமக்கு மனசு வரவில்லை. இதற்குக் கம்ப்யூட்டர் ஞானம் தேவைப்படவில்லை; பொறுப்பு என்பது என்ன என்று தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

கொட்டகையை உள்குத்தகைக்கு விட்டவன், வெடித்த அன்று உரிமத்தில் தன் பெயர் இருப்பதைத் திடீரென்று ஞாபகப்படுத்திக்கொள்கிறான். கையெழுத்து வெடித்தால் சத்தம் கேட்காது; புகை கிளம்பாது; நோட்டீஸ்தான் வரும். அது வருமுன் ஒரு காரியம் செய்யுங்கள்: முதலில் அந்த ஒன்று முதல் எட்டு வரையை மாற்றுங்கள்.