இஸ்மீனி பிறகு என்ன செய்தாள்?

பனி முற்றாகக் கரைந்து முடியாத பங்குனி மாதத்து வெள்ளிக்கிழமை மாலையொன்றில், ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியிலுள்ள கல்லூரியொன்றின் நாடகத்துறை மாணவர்கள் மேடையேற்றிய 'அன்ரிகனி' நாடகத்தைப் பார்க்கச் சென்றிருந்தோம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் எம்மிடம் பல ஆண்டுகள் படித்த பிள்ளையொன்று அதில் நடித்தமையே நாம் அங்கு சென்றதன் காரணம். மண்டபம் ஏறக்குறைய நிறைந்திருந்தது. ஆயினும் எம்மவர் என்று சொல்வதற்கு நாமும் அப்பிள்ளையின் தாயாரும் மாத்திரமே இருந்தோம். தகப்பனாருக்கு இரவு வேலை. வேலை இல்லாதிருந்தாலும் அவர் வந்திருப்பாரோ என்பது ஐயமே. "நாடகம் படிச்சு என்ன உத்தியோகம் எடுக்கப்போறாள்" என்பது அவர் எம்மிடம் பலமுறை கேட்ட கேள்வி.

நாடகத்தின் கதையை அறியாத வாசகர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். சோபொகிளிஸ் என்ற கிரேக்க நாடகாசிரியர் கி.மு. 441ஆம் ஆண்டளவில் ஏதென்ஸ் நகரில் மேடையேற்றிய நாடகம் இது. தீப்ஸ் நகரத்து அரச குடும்பத்தின் சகோதரர் இருவர் ஆட்சிக்காகப் போரிட்டு, ஒருவர் கையால் மற்றவர் மடிகின்றனர். அரியணையேறிய மாமன் கிரேயோன், நகரைக் காத்து மடிந்தவனுக்கு மரியாதையுடன் அடக்கம் என்றும், நகரின்மீது படையெடுத்து வந்தவனின் உடலை நாய்க்கும் பருந்துக்கும் விட்டுவிட வேண்டும் என்றும் ஆணையிடுகிறான். மீறுவோருக்கு மரணம். இறந்தவர்களின் சகோதரிகள் இருவர். அவர்களுள் அன்ரிகனி ஆணையை மீறி உடலின்மேல் மண் தூவுகிறாள். மற்றவளான இஸ்மீனி, அஞ்சி மறுத்துவிடுகிறாள். எமது மாணவி ஏற்றிருந்த பாத்திரம் இஸ்மீனி.

இறந்தவனுக்கு ஒரு பிடி மண் போடும் உரிமை யாருடையது, அரசினுடையதா உறவினுடையதா என்பதே நாடகத்தின் கேள்வி. ஏறத்தாழ 2500 ஆண்டுகளாக அது பழுதாகவில்லை. ஜேர்மனியரின் பிடியில் பாரிஸ் இருந்த 1944இல் ஜோன் அனூய் இக்கதையைப் புதிதாக எழுதி அந்நகரிலேயே மேடையேற்றினார். தென்னாபிரிக்காவின் றொபன் தீவுச் சிறையில் கைதிகள் இதை நடித்தபோது கிரேயோனாகத் தோன்றியவர் நெல்சன் மண்டேலா. இதனை அவரே தமது சுயசரிதையில் எழுதியுள்ளார். நிலத்தை இழந்தவர்களும் உறவை இழந்தவர்களும் இந்நாடகத்தைத் தேடிச் செல்வது இன்று நேற்றுத் தொடங்கியதன்று.

நடிப்பைப் பற்றிச் சொல்வதாயின், பிள்ளைகள் வயதுக்கு மிஞ்சிய பொறுப்புடன் நடித்தனர். கிரேயோனைக் கொடுங்கோலனாக அன்றி, கழுத்துப் பட்டி கட்டி ஒலிவாங்கியின் முன் நின்று சட்டம் ஒழுங்கு பற்றி அமைதியாகப் பேசும் மனிதனாகக் காட்டியிருந்தனர். அதனாலேயே அவன் எம்மை அதிகம் அச்சுறுத்தினான். அத்தகைய அமைதியான குரல்களை நாம் எமது நாட்டு வானொலியிலும் கேட்டிருக்கிறோம். உடலைக் காவல் செய்த சிப்பாயாக நடித்த இளைஞன், செய்தி சொல்ல வந்து உயிருக்குப் பயந்து நடுங்கிய காட்சியில் மண்டபம் சிரித்தது. நாமும் சிரித்தோம். கோரஸ் எனப்படும் பாடற்குழுதான் ஏமாற்றம் தந்தது. சோபொகிளிஸின் காலத்தில் 15 பேர் பாடியும் ஆடியும் நிகழ்த்திய பகுதி இங்கே நான்கு பேரின் வாசிப்பாகச் சுருங்கிவிட்டது. ஒரு முறையேனும் நாட்டுக்கூத்தில் பிற்பாட்டுக் கேட்டவர்களுக்கு இக்குறை விளங்கும்.

மற்றுமொரு குறையையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. நாடகம் தொடங்குமுன் விளக்குகள் யாவும் அணைந்து, இருளில், ஒலிபெருக்கிகளிலிருந்து எறிகணைச் சத்தம் எழுந்தது. அருகிலிருந்த தாயார் எமது கையைப் பற்றிக்கொண்டு கதிரையிலிருந்து கீழே சரிந்துவிட்டார். பதுங்குகுழிக்குள் இறங்கிப் பழகிய உடம்பு அப்படித்தான் செய்யும். அதற்கு ஆண்டுக் கணக்குத் தெரியாது. மேடையில் புகை பயன்படுத்தப்படும் என்று வாசலில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். இச்சத்தத்தைப் பற்றி எதுவும் எழுதியிருக்கவில்லை. பொறுப்பான ஆசிரியரிடம் பின்னர் இதனைச் சொன்னோம். அவர் மிகவும் வருந்தினார். மறுநாட் காட்சிக்கு அறிவித்தலில் இன்னொரு வரி சேர்க்கப்பட்டதாக அறிந்தோம். நாம் அங்கு இல்லாதிருந்தால் அந்த வரி எழுதப்பட்டிராது. அகதிகள் அவையில் இருக்க வேண்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி இஸ்மீனிக்கு வருவோம்.

ஊரில் நாம் ஆசிரியராக இருந்த காலத்தில் இக்கதையை உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம். அப்போதெல்லாம் அன்ரிகனியே எமது கதை முழுவதையும் நிறைத்திருந்தாள். இஸ்மீனி, அவளுடைய துணிவை எடுத்துக் காட்டுவதற்காக வைக்கப்பட்ட ஒரு கோழை, அவ்வளவே. அன்று மாலை எமது மாணவி மேடையில் நின்றபோதுதான் அவள் சொல்வதென்ன என்று முதன்முறையாகச் செவிகொடுத்தோம். தாயும் இல்லை, தந்தையும் இல்லை, சகோதரர் இருவரும் ஒரே நாளில் போய்விட்டனர், மிஞ்சியிருப்பது நாம் இருவர்தான், நாமும் சாக வேண்டுமா என்பதே அவளுடைய வாதம். இறந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அவள் வாழ விரும்புகிறாள். இதைக் கோழைத்தனம் என்று சொல்ல இன்று எமக்கு நா எழவில்லை. படகேறியவர்களும், எல்லை கடந்தவர்களும், ஒரு பிள்ளையையாவது காப்பாற்ற வேண்டுமென்று மற்றதை விட்டு வந்தவர்களுமான நாம் எல்லோரும் அந்த வாதத்தை எமது மனத்துக்குள் எத்தனை இரவுகள் நடத்தியிருக்கிறோம்!

அன்ரிகனி பிடிபட்ட பின்னர் இஸ்மீனி முன்வந்து, தானும் உடந்தையே என்றும் தானும் சாகிறேன் என்றும் சொல்கிறாள். அன்ரிகனி அதை ஏற்க மறுக்கிறாள். கிரேயோனும் அவளை விட்டுவிடுகிறான். அதன் பின் நாடகத்தில் இஸ்மீனி இல்லை. சாவுக்குச் செல்லும்போது அன்ரிகனி தன்னை அரச குலத்தில் எஞ்சிய கடைசிப் பெண் என்றே சொல்கிறாள். உயிரோடிருக்கும் சகோதரியை அவளும் கணக்கில் எடுக்கவில்லை. அன்ரிகனி கல்லறைக் குகையுள் தூக்கிட்டு மடிகிறாள். அவளை மணக்கவிருந்த கிரேயோனின் மகன் அவளருகே தன்னைக் குத்திக்கொள்கிறான். செய்தி கேட்ட அரசியும் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். மனம் மாறிய கிரேயோன் காலந்தாழ்த்தி வந்து நிற்கிறான். இஸ்மீனி என்ன ஆனாள் என்பதைச் சோபொகிளிஸ் சொல்லவில்லை.

நாடகம் முடிந்து ஒப்பனை கலையாமல் வந்த பிள்ளை எம்மிடம் முதலிற் கேட்டது தன் நடிப்பைப் பற்றியன்று. "ரீச்சர், இஸ்மீனி பிறகு என்ன செய்திருப்பாள்? ஒத்திகையில எல்லாரிட்டையும் கேட்டனான். ஒருத்தருக்கும் தெரியேல்லை" என்றாள். முப்பது ஆண்டுகளுக்கு முன் பட்டம் பெற்ற எமக்கும் விடை தெரியவில்லை. ஆங்கிலம் அதிகம் விளங்காத, நாடகம் முழுவதும் எமது காதோரக் கிசுகிசுப்பில் கதையைப் பிடித்துக்கொண்டிருந்த தாயார்தான் சொன்னார்: "வேற என்ன? மூண்டு சவம் கிடக்குது. மிஞ்சினது அவள்தானே. எல்லாரையும் எடுத்தது அவளாத்தான் இருக்கும்."

பிள்ளை தாயாரையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாமும்தான்.

ஒரு சகோதரனை அடக்கம் செய்ய அஞ்சியவளின் தலையிலேயே, தனது வீட்டார் மற்றெல்லோரையும் அடக்கம் செய்யும் கடமை வந்து விழுகிறது. வாழத் தீர்மானித்தவள் இலேசான வழியைத் தேர்ந்துகொள்ளவில்லை. எல்லோருக்கும் பின்னால் நின்று செய்ய வேண்டிய வேலையையே அவள் தேர்ந்துகொண்டாள். எமது பல்கலைக்கழகப் படிப்பில் நாம் காணாததை, எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஒரு தாய் கண்டுகொண்டார். கண்டுகொண்டதற்குக் காரணம் உண்டு. அவருடைய தம்பி 2009 வைகாசிக்குப் பின் வீடு திரும்பாதவர். எடுத்து அடக்குவதற்கு அவருக்கு உடல்கூடக் கிடைக்கவில்லை. படமாக மட்டும் சுவரிலிருக்கும் அந்த மாமனைப் பற்றி, நான்கு வயதில் இந்நாட்டுக்கு வந்த அப்பிள்ளை அன்றுவரை எதுவும் அறிந்திருக்கவில்லை. அன்றிரவு காரில் வீடு திரும்பும் வழியில் தாயார் சொல்லத் தொடங்கினார். நாம் முன்னாசனத்தில் வாய் திறவாது இருந்தோம். அவர் சொன்னதை இங்கே எழுதமாட்டோம். அது அந்தத் தாய்க்கும் மகளுக்கும் உரியது.

எமது வீடுகளில் எத்தனை சுவர்ப் படங்கள் இவ்வாறு பெயரின்றித் தொங்குகின்றன? பிள்ளைகளின் மனம் நோகக்கூடாது, படிப்புக் கெடக்கூடாது என்று நாம் பேசாதிருக்கிறோம். அந்த அன்பை நாம் குறை கூறவில்லை. ஆனால் பேசாதிருப்பதனால் பிள்ளைகளுக்கு எதுவும் தெரியாமற் போவதில்லை. வெடிச்சத்தம் கேட்டால் அம்மா ஏன் கீழே குனிகிறாள் என்பதை அவர்கள் பார்த்துக்கொண்டே வளர்கின்றனர். காரணம் தெரியாத அச்சம், காரணம் தெரிந்த துயரத்தைவிடப் பாரமானது.

குற்றம் பெற்றோரிடம் மட்டுமில்லை. எமது வகுப்பில் ஆத்திசூடி சொல்லிக்கொடுத்தோம், திருக்குறள் மனனம் செய்வித்தோம், ஆண்டுதோறும் பேச்சுப் போட்டிக்கு வீரத்தைப் பற்றி எழுதிக்கொடுத்தோம். வீழ்ந்தவர்களைப் பற்றி உரத்துப் பேசப் பழக்கிய நாம், எஞ்சியவர்களைப் பற்றிக் கேட்க ஒரு பிள்ளைக்கும் பழக்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு எமது மாணவிக்கு ஒரு கிரேக்க நாடகமும், ஓர் ஆங்கிலக் கல்லூரியும் தேவைப்பட்டன. இதைச் சொல்ல எமக்கு வெட்கமாகவே இருக்கிறது.

நாடகம் எமக்குப் புதிய பொருளன்று. 1985இல், நாம் பள்ளி மாணவியாக இருந்த காலத்தில், குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதிய 'மண் சுமந்த மேனியர்' க. சிதம்பரநாதனின் நெறியாள்கையில் யாழ்ப்பாணத்தில் மேடையேறியது. தம் துயரத்தைத் தாமே மேடையிற் கண்ட சனங்கள் அழுதனர், பிறகு வீட்டு முற்றங்களில் இருந்து அதைப் பற்றிப் பேசினர். "நாடகம் படிச்சு என்ன உத்தியோகம்" என்று கேட்கும் தகப்பனாருக்கு நாம் சொல்லக்கூடிய பதில் இதுவே: உத்தியோகத்தைப் பற்றி எமக்கு உறுதி கூற முடியாது. ஆனால் பதினைந்து ஆண்டுகளாக உங்கள் வீட்டிற் பூட்டியிருந்த கதவொன்றை உங்கள் மகள் ஒரே மாலையில் திறந்துவிட்டாள்.

இறந்தவரை அடக்கும் உரிமை எமக்குப் பழங்கதையுமன்று. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரத்தில் அமர்ந்தனர். அவர்களுட் பலர் விடை காணாமலே கண்மூடிவிட்டனர். 2025இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் நிலம் அகழப்பட்டபோது 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. சிறு பிள்ளைகளுடையனவும் அவற்றுள் இருந்தன. பாடசாலைப் பையொன்றும் இருந்தது. ஒரு பிடி மண் தூவுவதற்கு உரிமையுள்ளவர் யார் என்ற கேள்வி அங்கே இன்னும் மூடப்படவில்லை.

வாசகர்களிடம் நாம் வேண்டுவது பெரிதன்று. உங்கள் பிள்ளைகள் பள்ளியிலோ கல்லூரியிலோ மேடையேறினால் ஒரு மாலை விடுப்பெடுத்துச் செல்லுங்கள். மொழி விளங்காதே என்று நிற்க வேண்டாம். அன்று அந்த மண்டபத்தில் நாடகத்தை முழுதாக விளங்கிக்கொண்டவர் ஆங்கிலம் விளங்காத ஒரு தாயே. திரும்பி வரும் வழியில் பிள்ளை ஏதேனும் கேட்டால், பிறகு சொல்கிறேன் என்று தள்ளிப்போடாமல், உங்கள் மொழியில், சொல்லக்கூடிய அளவுக்குச் சொல்லுங்கள்.