சைக்கிளுக்கு வேலட் பார்க்கிங் இல்லை

ஞாயிற்றுக்கிழமையை எனக்குப் பிடிக்காது. மத்தியானம் மூணு மணிக்கே திங்கட்கிழமை வாசனை அடிக்க ஆரம்பித்துவிடும். சனிக்கிழமைதான் சுத்தமான லீவு. 'ஆபீஸே இல்லாத உமக்கு எல்லா நாளும் ஒண்ணுதானே ஓய்?' என்பார் என் மைத்துனர். (பாங்க் ஆபீசர். மாசத்தில் இரண்டாவது, நாலாவது சனிதான் லீவு. வயிற்றெரிச்சல்.)

என் சனிக்கிழமைக்கு ஆழ்வார்பேட்டையைச் சுற்றி நாலு கிலோமீட்டர் போதும். சைக்கிள், காபி, சாயங்காலம் கொஞ்சம் கலை.

காலையில் லஸ் பக்கம் காபிப்பொடி அரைக்கப் போவேன். பீபெரி பாதி, பிளாண்டேஷன் ஏ பாதி. போன வாரம் எனக்கு முன்னால் நின்ற மாமி, "சிக்கரி ஒரு சிட்டிகைகூடக் கூடாது" என்று கறாராகச் சொல்ல, கடைக்காரர், "டிகாஷன்ல திக்னஸ் வராது மாமி, அப்புறம் என்னைத் திட்டுவீங்க" என்றார். காபி - சிக்கரி கலவையில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும் என்பது சட்டம். பி.காம். படித்தவனுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும். 51 சதவீத ஷேர் வைத்திருப்பவர்தான் கம்பெனிக்கு முதலாளி. காபி மயிரிழையில் முதலாளியாக இருக்கிறது! ஒரு நூறு வருஷத்துக்கு முன்னால் இந்தக் காபியையே கள்ளுக்குச் சமமாக வைத்துத் திட்டியிருக்கிறார்கள். ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' படித்துப் பாருங்கள், ஒரு கையில் டம்ளரோடு.

அடுத்து டி.டி.கே. ரோடு. பழைய பெயர் மௌப்ரேஸ் ரோடு. ஜார்ஜ் மௌப்ரே 1771-ல் மதராஸுக்கு அரசாங்கக் கணக்கராக வந்து, பிறகு மேயரானவர். அவர் காலத்து வீடு இன்றைக்கும் அடையாற்றங்கரையில் மெட்ராஸ் கிளப்புக்குள் இருக்கிறது. பிற்பாடு ரோட்டுக்குப் பெயர் கொடுத்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி இரண்டு முறை மத்திய நிதி மந்திரி. ஆக, கணக்கர் கையிலிருந்து நிதி மந்திரி கைக்கு மாறிய சாலை! எங்கள் பி.காம். செட்டில் இதுவரை ஒரு சந்துக்குக்கூட யார் பெயரும் வைக்கப்படவில்லை.

கணக்கு என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. 2014-ல் சென்னை மாநகராட்சி, மோட்டார் இல்லாத போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையே வகுத்தது. இந்தியாவிலேயே முதல் முறை. போக்குவரத்துக்கான பட்ஜெட்டில் குறைந்தது 60 சதவீதம், நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும். பாண்டி பஜாரில் 2019-ல் அகலமாக நடைபாதை போட்டார்கள், பிரமாதம். ஆனால் நான் சைக்கிள் மிதிக்கும் வழியில் அந்த அறுபதை எங்கே தேடியும் காணோம். இடது ஓரத்தில் போனால் நிறுத்தி வைத்த காரின் கதவு திறக்கிறது. கொஞ்சம் வலது பக்கம் வந்தால் பின்னாலிருந்து ஹாரன். மெட்ரோவுக்குப் பள்ளம் தோண்டி வேலி போட்டதிலிருந்து அந்த ஓரமும் போச்சு. ஒருகாலத்தில் சைக்கிளுக்கு வரி கட்டி வில்லை மாட்ட வேண்டும். விளக்கில்லாமல் போனால் போலீஸ் பிடிக்கும். அப்போது சைக்கிளைப் பிடிக்கவாவது ஆள் இருந்தார்கள்!

சைக்கிள் என்றதும் ஹெல்மெட், இறுக்கமான டிராயர், லட்ச ரூபாய் வண்டி என்று ஈ.சி.ஆருக்குக் கிளம்புகிறவர்கள்தான் உங்கள் கண்ணில் படுவார்கள். காலை ஆறு மணிக்கு ஆழ்வார்பேட்டையில் நின்று பாருங்கள். பேப்பர் போடும் பையன், டூல்ஸ் பையோடு பிளம்பர், டியூட்டி மாற வரும் வாட்ச்மேன். இவர்களை யாரும் 'சைக்கிளிஸ்ட்' என்று சொல்வதில்லை.

அப்படி ஒருவரை நான் சந்தித்தது ஒரு புதுமோஸ்தர் காபி ஷாப் வாசலில். (பெயர் வேண்டாம். ஒரு கப் 240 ரூபாய். பத்து மடக்கு வந்தது, மடக்குக்கு 24.) கேட்டிலேயே தடுத்தார்.

"சைக்கிள உள்ள வுட முடியாது சார். கார்னா வேலட் பார்க்கிங். டூவீலர்னா எதிர்ல."

"இதுவும் டூவீலர்தான் பெரியவரே. எண்ணிப் பாருங்க."

சிரித்துவிட்டார். அறுபது வயசிருக்கும். குரலைத் தாழ்த்தி, "பின்னாடி ஜெனரேட்டராண்ட என் வண்டி நிக்குது. அதோட சேத்து வெச்சிடு தம்பி. மேனேஜர் கேட்டா ரெண்டும் என்துன்னு சொல்லிக்கிறேன்" என்றார்.

'சார்' தம்பியாகிவிட்டது. பின்னால் போனால் கறுப்பு ஹெர்குலஸ், ஹேண்டிலில் சாப்பாட்டுப் பை. தினமும் சைதாப்பேட்டையிலிருந்து வருகிறார். பன்னிரண்டு மணி நேர டியூட்டி முடிந்து, ராத்திரி ஒன்பதுக்குத் திரும்ப மிதிக்க வேண்டும். பஸ்ஸில் போகலாமே என்றேன். "பஸ்ஸுக்கு நின்னு, எறங்கி, நடந்து... அதுக்குள்ள வூட்ல சாப்ட்டே முடிச்சிருப்பேன். நந்தனம் சிக்னல் ஒண்ணுதான் பயம். பஸ்காரன் பாத்துடுவான். காரு பாக்காது." போன மாசம் ஒரு கார் பார்க்கவில்லை. பேண்ட்டைத் தூக்கி முட்டியைக் காட்டினார்.

உள்ளே ஏ.சி.யில் காபி ஆறிக்கொண்டிருந்தது. கதீட்ரல் ரோட்டில் 1962 முதல் 2008 வரை இருந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஞாபகம் வந்தது. பேர்தான் டிரைவ்-இன். கார் இல்லாதவர்களும் உள்ளே உட்கார்ந்து ஒரு காபியில் ஒரு மணி நேரம் ஓட்டலாம். அந்த இடத்தில் 2010-லிருந்து செம்மொழிப் பூங்கா.

சாயங்காலம் எல்டாம்ஸ் ரோடு சி.பி. ஆர்ட் சென்டரில் கைத்தறிச் சேலைகளைத் தடவிப் பார்த்துவிட்டு (தடவ மட்டும்), நாரத கான சபா பக்கம் போனேன். மார்கழி மத்தியானத்தில் ஓசியில் சின்னப் பிள்ளைகள் பாட, எதிரே பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருப்பதைக் கேட்கத்தான் எனக்கு ஆசை. மார்கழி வரை பொறுக்க வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை சிவப்பு டெயில் லைட் இரண்டு வாங்கி, ஒன்றை அந்த ஹெர்குலஸில் மாட்டினேன். மாட்டும்போதே 2014 கொள்கையையும் அறுபது சதவீதத்தையும் அவருக்கு விளக்கினேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"அறுவதா? அதுல ஒரு பங்கு நந்தனம் சிக்னலுக்குக் கேட்டுப் பாரேன் தம்பி. பத்திரிகையில எழுதறேன்னு சொன்னியே..."

எழுதிவிட்டேன்.