டூப்ளிகேட் சாவி

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில் வீட்டுக் கம்ப்யூட்டரை ஆன் செய்தால், உள்ளேயிருந்து பல்லி மாதிரி 'டிக்... டிக்...' என்று ஒரு சத்தம். பல்லி சொன்னால் பலன் இல்லாமல் போகுமா? ஹார்ட் டிஸ்க் அம்பேல்!

கழற்றி எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். கடைப் பையனுக்கு மிஞ்சினால் இருபது வயசு. காதோரம் வைத்துக் கேட்டுவிட்டு, டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்கினான்.

"பேக்கப் இருக்கா சார்?"

"ஓ! எல்லாத்தையும் டி டிரைவ்ல காப்பி பண்ணி வெச்சிருக்கேனே!"

"சார், உள்ள இருக்கிறதே ஒரே டிஸ்க். அதைத்தான் சி, டின்னு ரெண்டா தடுத்திருக்கு. டூப்ளிகேட் சாவியையும் அதே வளையத்துல கோத்துத் தொலைச்சிருக்கீங்க."

சிரிக்காமல் சொன்னான். அதுதான் வலித்தது. தகவல் மீட்கும் லேபுக்கு அனுப்பியும் பார்த்தேன். தட்டு தேய்ந்துவிட்டதாம்.

இன்கம்டாக்ஸ் பேப்பர், ஊட்டி போட்டோ எல்லாம் போனால் போகிறது. அப்பா தன் கடைசி வருஷத்தில் பழைய கதைகளைச் சொல்லச் சொல்ல நான் பதிவு செய்த நான்கு ஃபைல்களும் அதில்தான் இருந்தன. அம்மா கேட்டது ஒரே கேள்வி: "அப்பா குரலும் போயிடுச்சாடா?"

ஜாம்பவான்களே இதில் வழுக்கியிருக்கிறார்கள். 1998-ல் பிக்ஸார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' தயாராகிக்கொண்டிருந்தபோது, யாரோ தவறாகக் கொடுத்த ஒரு கட்டளையால் படத்தின் ஃபைல்கள் மளமளவென்று அழிந்தன. பேக்கப் எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அது ஒழுங்காகப் பதிவாகவில்லை என்பதை மட்டும் யாரும் கவனிக்கவில்லை! காப்பாற்றியது ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர். கேலின் சூஸ்மன் என்ற பெண்மணி, கைக்குழந்தைக்காரி, வீட்டிலிருந்தே வேலை செய்ய ஒரு பிரதி வைத்திருந்தார். கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, காரில் வைத்து, ஆபீசுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

எனக்கும் ஒரு சூஸ்மன் கிடைத்தாள். திருச்சியில் இருக்கும் தங்கை. எப்போதோ பென் டிரைவில் காப்பி எடுத்துப் போயிருந்தாள். மூன்று ஃபைல்கள் ஓடின. நான்காவதில் பெயர் இருக்கிறது, சைஸ்கூட இருக்கிறது, குரல் இல்லை. பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று, காப்பி முடியும் முன்பே பிடுங்கியிருக்கிறாள். அப்பா, அம்மாவைப் பெண் பார்க்கப் போன கதை அதில்தான் இருந்தது.

ராக்கெட் விடுகிற மாதிரி '3-2-1' என்று ஒரு விதி உண்டு. மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனத்தில், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கினால் வேலை முடிந்ததும் கழற்றிப் பீரோவில் வையுங்கள். பூட்டுப் போட்டுப் பணம் கேட்கிற வைரஸ் வந்தால், மாட்டியிருக்கிற டிஸ்க்குக்கும் சேர்த்தே பூட்டும். 'எல்லாம் தானாக கிளவுடுக்குப் போகுது சார்' என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே அழித்தால் அங்கேயும் அழிகிற ஏற்பாடு என்றால், அது நகல் இல்லை, நிழல். குப்பைத் தொட்டியில் கொஞ்ச நாள் கிடக்கும், அப்புறம் கோவிந்தா!

முக்கியமானது இது: மாதம் ஒரு தடவை, பேக்கப்பிலிருந்து நாலைந்து ஃபைலை எடுத்து வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப், கையெழுத்துப் போடாத செக்.

மார்ச் 31 உலக பேக்கப் தினம். அலட்சியமாக இருந்தால் மறுநாள் யாருக்கான தினம் என்பது உங்களுக்கே தெரியும்.

அந்த நாலாவது கதையை இப்போது அம்மாவைச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்தேன். "சட்டைப் பட்டனை மாத்திப் போட்டுக்கிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்டா. அதை அவர் உங்கிட்ட சொல்லியிருக்கவே மாட்டார்!"

சொல்லவில்லைதான். மூன்று பிரதி எடுத்தாச்சு. மூன்றையும் திறந்தும் பார்த்தாச்சு.