வயலுக்குப் போகும் தாய்க்கு

கல்முனைக்கு அருகே சொறிக்கல்முனையிலிருந்து காலை ஆறரைக்கு வயலுக்குப் புல் பிடுங்கப் போகும் ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். பிள்ளைக்கு மூன்று மாதம். விடியலில் ஒருமுறை பால் கொடுத்து, அம்மம்மாவின் கையில் விட்டுப் போகிறாள். பத்து மணிக்கெல்லாம் மார்பு கட்டி வலிக்கும், சட்டை நனையும். வரம்பு ஓரமாகக் குந்தி, பாலைப் பீச்சி மண்ணில் விடுவாள். அதே நேரம் வீட்டில் பிள்ளை வீரிட்டு அழ, அம்மம்மா பால்மா கரைத்துக்கொண்டிருப்பார்.

இவளுக்குப் பால் இல்லாமலில்லை, மனமும் இல்லாமலில்லை. இல்லாதது கூலியோடு கூடிய ஓய்வுதான்.

தாய்ப்பால் விடயத்தில் நம் இலங்கை பேர்போனது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் 82 வீதமானோர் தாய்ப்பால் மட்டுமே குடித்தார்கள். பால்மா விளம்பரத்துக்குக் கடிவாளம் போடும் கோவையை 1983லேயே கொண்டுவந்தோம். வீட்டுப் படலை திறந்து வந்து பிள்ளையைப் பார்த்துப்போகும் குடும்பநல உத்தியோகத்தர்களின் உழைப்பு இதன் பின்னால் இருக்கிறது. அவர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஆனால் அந்த 82, பிறந்து ஒரு கிழமையான பிள்ளையையும் ஐந்து மாதம் கடந்த பிள்ளையையும் ஒன்றாகக் கூட்டிய எண். தாய் வேலைக்குத் திரும்பிய பின் என்ன நடக்கிறது என்பது அதற்குள் மறைந்துவிடுகிறது.

தொழிற்சட்டங்களில் செய்த 2018ஆம் ஆண்டுத் திருத்தங்களுக்குப் பின், நிறுவனங்களில் வேலை செய்யும் தாய்க்கு எத்தனையாவது பிள்ளை என்று பாராமல் 84 நாள் மகப்பேற்று விடுமுறை உண்டு. அரச ஊழியருக்கு அரைச் சம்பளத்தோடும் சம்பளமின்றியும் அதை நீட்டிக்கொள்ள வழியிருக்கிறது. புல் பிடுங்குபவளுக்கும், வீட்டு வேலைக்குப் போகிறவளுக்கும், வீட்டில் அப்பம் சுட்டு விற்பவளுக்கும் யார் லீவு கொடுப்பது? 2024ஆம் ஆண்டின் உலகத் தாய்ப்பால் வாரம் இப்படியான இடைவெளிகளை நிரப்புவதையே கருப்பொருளாக வைத்தது.

இதைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. வயல் சொந்தக்காரரான போடியாருக்கும் இதில் பங்குண்டு: பால் கொடுக்கும் தாயை இரண்டு மணி நேரம் வீட்டுக்குப் போய்வர விடட்டும், கூலியில் வெட்டாமல். வீட்டாருக்கும் உண்டு. பீச்சிய பாலை மூடியுள்ள சுத்தமான பாத்திரத்தில் நிழலில் வைத்தால் நாலு மணி நேரம் தாங்கும். போத்தல் வேண்டாம், சிறு கோப்பையால் பருக்கலாம். இதை அம்மம்மாவுக்கும், வாப்பும்மாவுக்கும், முக்கியமாகப் பிள்ளையின் தகப்பனுக்கும் கிளினிக்கில் சொல்லிக்கொடுக்க வேண்டும். தாயை மட்டும் கூப்பிட்டு உபதேசம் செய்தது போதும்.

தமிழ்நாட்டில் 2015 ஓகஸ்டில் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறந்தார்கள். கல்முனைச் சந்தைக்கு வரும் தாய்க்குக் கடைக்காரர்களே ஒரு திரையும் ஒரு கதிரையும் கொடுக்கலாம். அதற்கு அமைச்சர் வந்து நாடா வெட்டத் தேவையில்லை.

இரண்டு முழு ஆண்டுகள் பாலூட்டுவதைக் குர்ஆன் பேசுகிறது. பாலூட்டும் மாதாவின் சொரூபத்துக்கு முன் கத்தோலிக்கர் முழந்தாளிடுகிறார்கள். கோயிலில் அம்பாளை அம்மா என்றே அழைக்கிறோம். பள்ளிவாசல் நிர்வாகமும் பங்குச் சபையும் கோயில் பரிபாலன சபையும் ஒரு நாள் ஒன்றாக உட்கார்ந்து, தங்கள் ஊரில் ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளையோடு கூலிக்குப் போகும் தாய்மார் எத்தனை பேர் என்று குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்கட்டும். அந்தத் தாய்மாருக்கு ஆறு மாதத்துக்கு அரிசியும் பருப்பும் கொடுப்பது நம்மால் தாங்க முடியாத செலவல்ல. அடுத்த வெள்ளிக்கும் ஞாயிறுக்கும் இடையில் அந்தக் கேள்வியைக் கேளுங்கள்.