கதவு திறக்கட்டும்!

பள்ளி மாணவர்கள் கூடி ரோபோ செய்து போட்டிக்குக் கொண்டுசெல்வது பாராட்டத்தக்கது. 2016-ல் தொடங்கிய திட்டத்தின்படி, நாடெங்கும் சுமார் 10,000 பள்ளிகளில் அடல் டிங்கரிங் ஆய்வுக்கூடங்கள் அமைந்தன. ஒவ்வொன்றுக்கும் 20 லட்ச ரூபாய் வரை மத்திய அரசு மானியம். 2018-ல் அம்பேத்கர் பிறந்தநாளையொட்டி, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் அழைக்கும் சமூக நாள் நடத்தப்பட்டது. கோப்பை வெல்வதைவிட இதுவே பெரிது.

ஆனால் ஆண்டுக்கு ஒரு நாள் போதுமா? மானியம் மக்களின் வரிப்பணம். வாரம் ஒரு நாளாவது, வசதியில்லாத பள்ளிகளின் பிள்ளைகளுக்குக் கதவு திறக்க வேண்டும். போட்டிக்குச் சென்று வந்த மாணவர்களே கற்றுத்தரலாம்.

பிழைக்க வந்த ஊர், மொழி வேறு என்று நம்மவர்கள் ஒதுங்கலாகாது. "எங்கள் பிள்ளைக்கும் இடமுண்டா?" என்று பள்ளியில் கேளுங்கள். தந்தை பட்டறையில் முடுக்கும் திருகாணியை, மகளும் மகனும் ஆய்வுக்கூடத்தில் முடுக்கட்டும்!