கொடுப்பார் பெயரும் கற்பார் மொழியும்

எம் பள்ளியின் மாடியில் ஓர் அறை பூட்டியே கிடக்கின்றது. அதன் வாயிலில் ஒரு நிறுமத்தின் பெயர், எம் பள்ளியின் பெயரினும் பெரிய எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. உள்ளே நுண்ணோக்கிகள் ஆறும், மையவிலக்குப் பொறியொன்றும், சுவரை அடைத்த திரையும் உள. மூன்றாண்டுகளுக்கு முன் மாலையும் முழவுமாகத் திறந்துவைக்கப்பெற்ற உயிர்த்தொழில்நுட்ப ஆய்வறை அது. முதலாண்டிலேயே வேதிப்பொருள்கள் தீர்ந்தன. மீண்டும் வாங்கப் பணம் ஒதுக்குவார் இல்லை. சுவர்ப்படங்களும், பொறிகளுக்கான கையேடுகளும், திரையில் ஓடும் விளக்கங்களும் முற்றும் ஆங்கிலம். தமிழ்வழியிற் பயிலும் எம் பிள்ளைகள் கருவறையை எட்டிப் பார்ப்பார்போல் வாயிலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினர். இக்குறையை எடுத்துச் சொன்னேன். "தமிழாசிரியருக்கு ஆய்வறையில் என்ன வேலை?" என்றார் நிறுமத்தின் சார்பில் வந்திருந்த இளைஞர். அவரும் தமிழரே.

இக்கொடைகள் யாரும் இரக்கப்பட்டு இடுபவை அல்ல. 2013ஆம் ஆண்டின் நிறுமச் சட்டம், 135ஆம் பிரிவில், ஓராண்டில் 5 கோடி உரூபா நிகர ஈட்டம் என்பது முதலான சில அளவுகளுள் ஒன்றை எட்டிய நிறுமம், முந்தைய மூன்றாண்டு ஈட்டத்தின் சராசரியில் 2 விழுக்காட்டைப் பொதுநலத்திற்குச் செலவிட வேண்டும் என்கின்றது. 2014 முதல் அது நடைமுறையில் உள்ளது. கல்வியும் அறிவியலாய்வும் அச்செலவினங்களுள் அடங்கும். தாம் தொழில் நடத்தும் வட்டாரத்திற்கு முதன்மை தருக என்றும் அச்சட்டம் சொல்லும். ஆலை உள்ள ஊர்க்குக் கொடை வரும். வானம் பார்த்த ஊர்க்கு எது வரும்? பயிற்றுமொழி பற்றியோ அப்பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. சட்டம் வாய்மூடிய இடத்தில் ஆங்கிலம் வாய்திறக்கின்றது.

நம் அரசாவது வாய்திறந்ததா? நிறுமங்களிடமும் முன்னாள் மாணவரிடமும் பொருள் திரட்டி அரசுப் பள்ளிகளை மேம்படுத்த 2022 திசம்பரில் தொடங்கிய நல்ல திட்டத்திற்கு 'நம்ம இசுகூல் நம்ம ஊர்ப்பள்ளி' என்று பெயர் சூட்டினர். ஒரே பெயரில் பள்ளியை இருமுறை சொல்ல வேண்டியிருக்கின்றது, ஒருமுறை ஆங்கிலத்திற்காக!

கொடையால் அறிவியல் வளர்ந்ததை நாம் அறியாதவரல்லேம். காரைக்குடியில் நடுவண் மின்வேதியியல் ஆய்வகம் அமைய வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 இலக்கம் உரூபாவும் தந்தார். 1948இல் கால்கோளிட்டு 1953இல் அது திறக்கப்பெற்றது. சென்னையில் அவர் பெயரால் 1944இல் எழுந்த தொழில்நுட்பக் கல்லூரியின் வளாகத்தில்தான் பின்னாளில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உயிர்த்தொழில்நுட்ப நடுவமும் அமைந்தது. நிலமும் பொருளும் தமிழருடையன. உள்ளே புழங்கும் மொழி ஆங்கிலம். கொடுத்தார்மேற் குறையில்லை, பெற்று நடத்தியோர்மேற் குறை.

இதற்கு மறுதலையாக ஒன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், மானிப்பாயில் 1864 முதல் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு, மகப்பேறு, வேதியியல் முதலிய துறைகளுக்குத் தமிழில் நூல்கள் ஆக்கினார். அவரை அனுப்பியோர் அமெரிக்கச் சமயப்பணியாளர். அவர்தம் நோக்கம் வேறாயினும், அயலார் பணத்தில் தமிழ் மருத்துவம் பேசிற்று. இன்று நம் பணத்தில் தமிழ் வாயிலில் நிற்கின்றது.

தமிழில் இவ்வறிவு வாராது என்பார்க்கு, எம் பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலே விடை. மரபணு மாற்றமும் திசு வளர்ப்பும் அங்குத் தமிழில்தான் உள்ளன. சென்ற ஆண்டு எம் உயிரியல் ஆசிரியை, பூட்டிய அறையை நம்பாமல் மரத்தடியிலேயே ஒரு செய்முறை காட்டினார். வாழைப்பழத்தைப் பிசைந்து, உப்பும் வழலையும் கரைத்த நீரிற் கலந்து வடிகட்டினார். அவ்வடிநீர்மேல் குளிர்ந்த எரிசாராயத்தைக் குடுவையின் ஓரமாக மெல்ல ஊற்றினார். இரண்டும் கூடுமிடத்தில் வெண்ணிற இழைகள் திரண்டெழுந்தன. "ஐயா, பழத்துக்குள்ளே நூல் இருக்கிறது!" என்று ஒரு சிறுமி என்னிடம் ஓடிவந்தாள். நூல்தானம்மா, வாழையின் மரபெல்லாம் எழுதிய நூல், என்றேன். செலவு நூறு உரூபாவை எட்டவில்லை.

நம்மையும் சொல்ல வேண்டும். ஆர்வர்டில் தமிழிருக்கைக்கு 60 இலக்கம் அமெரிக்கத் தாலர் திரண்டது. தமிழ்நாட்டரசும் 10 கோடி உரூபா தந்தது. மகிழ்ச்சியே. யானும் என்னாலியன்றது அனுப்பினேன். ஆனால், மாநாட்டுப் பந்தலுக்கும் சுவரொட்டிக்கும் கைந்நிறைய அள்ளும் நாம், நம்மூர்ப் பள்ளியின் ஆய்வறைக்கு ஒரு குடுவை வாங்கித் தந்ததுண்டா? அறிவியற்சொல் ஆக்குவதாகச் சொல்லி இதழ்தோறும் மோதிக்கொள்கின்றோம். அச்சொல்லை ஒட்டுவதற்கொரு புட்டி வேண்டாவா?

இவ்வாண்டு எம் பழைய மாணவர் சிலர் கூடி 14,000 உரூபா சேர்த்தனர். கொத்தனார் ஒருவர், பேருந்து நடத்துநர் இருவர், மருத்துவர் ஒருவர் அவருள் அடங்குவர். ஓராண்டுக்கான வேதிப்பொருள்களுக்கு அது போதும். ஆசிரியையும் யானும் அமர்ந்து பொறிகளுக்கெல்லாம் தமிழ்க் கையேடு எழுதி முடித்தோம். அதன் படியொன்றை இணைத்து, இதனை அச்சிட்டுத் தருக, ஆண்டுதோறும் பொருள் வாங்க ஒரு சிறுதொகை ஒதுக்குக என்று அந்நிறுமத்திற்கு மடல் விடுத்துள்ளேம். மறுமொழி வாராவிடினும் ஆடித் திங்களில் அறை திறக்கப்படும். திறவுகோலைத் தலைமையாசிரியர் தந்துவிட்டார்.