எந்த நாளிலிருந்து எண்ணுவது?

2020 மார்ச் மாதத்தில் சாத்தப்பட்ட ஆலயக் கதவுகள் அவ்வாண்டு செப்டம்பர் 1ஆம் தேதி திறந்தன. சிற்றூர்களில் உள்ள சிறிய கோயில்கள் ஜூலையிலேயே திறந்துவிட்டன என்றாலும், பெரிய திருத்தலங்களுக்காக நாம் ஐந்து மாதங்களுக்கு மேல் காத்திருந்தோம். கல்லங்குறிச்சி கலியுக வரதராசப் பெருமாளின் இராமநவமிப் பெருவிழாவைக் காணும் பேறு அவ்வாண்டு நமக்கு வாய்க்கவில்லை. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் வாரத்தில் திங்களும் வெள்ளியும் மட்டுமே காட்சி தருபவள். அந்த இரு நாள்களும் இல்லாமற்போன வாரங்கள் இருபதுக்கும் மேல். மாவட்டம் விட்டு மாவட்டம் செல்லும் பேருந்துகளும் 7ஆம் தேதி முதல் ஓடத் தொடங்கிவிட்டன. அன்பர்கள் பலரும் பையில் தேங்காய் பழத்தை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தது எனக்குத் தெரியும்.

இப்பகுதியில் வழக்கமாகத் தல வரலாறும் விரத விதிகளும் எழுதுவேன். 2020 செப்டம்பரில் வந்த கடிதங்களும் தொலைபேசி அழைப்புகளும் வேறொரு விதியைக் கேட்டன. பக்கத்து வீட்டில் ஒருவருக்குத் தொற்று. நாங்கள் எத்தனை நாள் உள்ளே இருக்க வேண்டும்? என் மருமகனுக்குப் பரிசோதனையில் நோய் இல்லை என்று வந்துவிட்டது. பிறகும் ஏன் வெளியே விட மறுக்கிறார்கள்? நோய் கண்டவரே பத்தாம் நாள் எழுந்துவிட்டார். நோயே இல்லாத எனக்குப் பதினான்கு நாள் ஏன்? கேட்டவர்கள் எல்லோரும் என் வயதை ஒத்தவர்கள். கேள்விகள் நியாயமானவை. நம் இரு மாவட்டங்களும் இந்தக் கேள்விகளை மே மாதத்திலேயே பட்டு அனுபவித்தவை.

ஏப்ரல் இறுதிவரை அரியலூரிலும் பெரம்பலூரிலும் மிகச் சிலருக்கே தொற்று இருந்தது. சென்னைக் கோயம்பேடு சந்தையில் மூட்டை தூக்கவும் கடைகளில் நிற்கவும் நம் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் போயிருக்கிறார்கள் என்பதே அப்போதுதான் நமக்குத் தெரிந்தது. சந்தையில் நோய் பரவியதும் காய்கறி லாரிகளிலும் கிடைத்த வண்டிகளிலும் ஊர் திரும்பினார்கள். மே 5ஆம் தேதி சந்தை மூடப்பட்டது. மறுநாள் அரியலூர் மாவட்டத்தில் மட்டும் 188 பேருக்குத் தொற்று என்று அறிவித்தார்கள். அன்று மாநிலம் முழுவதற்குமான எண்ணிக்கை 771. பெரும்பாலோருக்குக் காய்ச்சலும் இல்லை, இருமலும் இல்லை. பள்ளிக்கூடங்களிலும் கல்லூரிகளிலும் அவர்களைத் தங்க வைத்தார்கள்.

செந்துறைப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு வீடு. மூத்த மகன் கோயம்பேட்டிலிருந்து வந்து இரண்டு இரவுகள் வீட்டில் தங்கினான். மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துச் சென்றார்கள். தொற்று உறுதியாகி மருத்துவமனைக்குப் போனான். வீட்டு வாசலில் ஒட்டுவில்லை ஒட்டப்பட்டது. உள்ளே எழுபது வயதுத் தாய், தகப்பனார், மருமகள், இரு குழந்தைகள், இளைய மகன். பதினான்கு நாள் என்றார் சுகாதாரப் பணியாளர். தெரு முனையில் கம்பு கட்ட வந்தவர்கள் இருபத்தெட்டு நாள் என்றார்கள். பன்னிரண்டாம் நாள் இளைய மகனுக்கு இருமல் கண்டது. அவனுக்கும் தொற்று என்று வந்ததும், கணக்கு மறுபடி முதலிலிருந்து என்று தொலைபேசியில் ஒரு குரல் சொல்லிற்று. அந்த அம்மையார் என்னிடம் கேட்டார்: "தம்பி, ஆளுக்கொரு கணக்குச் சொல்றாங்களே, யார் சொல்றது சரி?"

மூவர் சொன்னதும் சரிதான். ஒருவர் வீட்டாருக்குச் சொன்னார். ஒருவர் தெருவுக்குச் சொன்னார். ஒருவர் புதிதாகத் தொடங்கிய கணக்கைச் சொன்னார். எதற்கான கணக்கு என்பதை மட்டும் எவரும் சொல்லவில்லை. போதாததற்கு, தமிழில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்: தனிமைப்படுத்துதல். நோய் கண்டவரைப் பிறரிடமிருந்து பிரித்து வைப்பதும் அதுவே. நோய் வந்திருக்குமோ என்ற ஐயத்தில் நலமாக இருப்பவரைக் காத்திருக்கச் சொல்வதும் அதுவே. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. நாம் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு கணக்குகளைப் போட்டதில் குழப்பம் பாதி வந்தது.

நம்மைப் போன்ற முதியவர்கள் இதில் குழம்பக் கூடாது என்பது என் கருத்து. நாள் எண்ணி ஒதுங்கி இருப்பதை நம்மைவிட நன்கு அறிந்தவர் யார்? பிறப்புத் தீட்டு, இறப்புத் தீட்டு என்று வாழ்நாளெல்லாம் எண்ணியிருக்கிறோம். தீட்டு என்ற சொல்லை மனிதரைத் தாழ்த்துவதற்கும் பயன்படுத்திய பழி நம் சமூகத்துக்கு உண்டு. நான் அதைச் சொல்லவில்லை. வீட்டில் ஒரு பிறப்போ இறப்போ நேர்ந்தால் குறிப்பிட்ட நாள்களுக்குக் கோயிலுக்குப் போகாமல் இருக்கிறோமே, அந்தக் குடும்ப வழக்கத்தைச் சொல்கிறேன். அதில் நாம் கேட்கும் கேள்விகள் மூன்று: யாருக்கு? எத்தனை நாள்? எந்த நாளிலிருந்து? பங்காளிக்கு ஒரு கணக்கு, மணமாகிப் போன மகளுக்கு வேறு கணக்கு. செய்தி தாமதமாக வந்தால் மீதி நாள்கள் மட்டுமா, புதிதாக எண்ணுவதா என்று புரோகிதரைக் கேட்டுத் தெளிகிறோம். வங்கியில் வட்டி போட்டுப் பழகிய எனக்கும் இது புதிதன்று. எந்தத் தேதியிலிருந்து என்று தெரியாமல் எத்தனை நாள் என்று சொல்லவே முடியாது.

இப்போது நோய்க் கணக்குக்கு வருவோம். 2020இல் நோயாளியோடு பழகியவருக்குப் பதினான்கு நாள் என்பது விதி. அவரைக் கடைசியாக நெருங்கியிருந்த நாளிலிருந்து எண்ண வேண்டியிருந்தது. ஒட்டுவில்லை எந்த நாளில் ஒட்டப்பட்டது என்பது அதிகாரிகளின் வசதிக்கான தேதி. உடம்புக்கு அது தெரியாது. ஏன் பதினான்கு? கிருமி உடலில் புகுந்து அறிகுறி காட்டுவதற்குப் பதினான்கு நாள்வரை ஆகலாம். ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் செய்யும் பரிசோதனையில் இல்லை என்று வந்தாலும், அது அன்றைய நிலவரம். பன்னிரண்டாம் நாள் இருமல் வரலாம், அந்த இளைய மகனுக்கு வந்ததைப் போல. மருமகனை வெளியே விட மறுத்ததற்குக் காரணம் இதுதான்.

வீட்டிலேயே வைத்துப் பார்த்த நோயாளியின் கணக்கு வேறாக இருந்தது. 2020 ஜூலை 2ஆம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம் திருத்தி வெளியிட்ட நெறிமுறைப்படி, அறிகுறி தொடங்கிப் பத்து நாள் ஆகியிருக்க வேண்டும் என்றிருந்தது. கடைசி மூன்று நாள் காய்ச்சல் இருக்கக் கூடாது என்றும் இருந்தது. அதன் பின்னும் ஏழு நாள் வீட்டிலேயே இருந்து உடம்பைக் கவனித்துக்கொள்ளச் சொன்னார்கள். மறு பரிசோதனை தேவைப்படவில்லை. மே மாதத்தில் இது பதினேழு நாள் என்று ஒரே மூச்சில் சொல்லப்பட்டது. பழைய செய்தித்தாளை வைத்துக்கொண்டு வாதாடும் அன்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நோயாளிக்கு நோய் எந்த நாளில் தொடங்கியது என்பது தெரிந்துவிட்டது; அங்கிருந்து எண்ணலாம். பழகியவருக்கு அது தொடங்குமா என்பதே தெரியாது. ஆகவே நலமாயிருந்தவர் நோயாளியைவிட அதிக நாள் காத்திருக்க நேர்ந்ததில் முரண் ஒன்றுமில்லை.

இன்னொரு நுட்பம் உண்டு. ஒரு தீட்டு நடக்கும்போதே அதே வகையில் இன்னொரு தீட்டு வந்தால், முதலாவது கழியும்போது இரண்டாவதும் கழியும் என்பது பெரியோர் வகுத்த பொது விதி. நோயில் அப்படி இல்லை. பன்னிரண்டாம் நாள் வீட்டில் இன்னொருவருக்கு நோய் கண்டால், அவரோடு இருந்தவர்களுக்கு எண்ணிக்கை புதிதாகத் தொடங்கியது. செந்துறை அம்மையாருக்கு நேர்ந்தது இதுவே. "இத்தனை பதினாலு நாளை நான் பார்த்ததே இல்லை" என்று அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. நோயாளியை வீட்டில் வைத்துக்கொண்டு, அவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டு, தனக்கு மட்டும் பதினான்கு நாள் முடிந்துவிட்டது என்று எண்ணுவோரும் உண்டு. நெருக்கம் நின்ற நாளிலிருந்துதானே எண்ண வேண்டும்!

ஒதுங்கியிருப்பது எப்படி என்பது அடுத்த சிக்கல். காற்றோட்டமான தனியறை, அதனோடு சேர்ந்த கழிப்பறை என்று நெறிமுறை சொன்னது. நம் ஊர்களில் முற்றத்துக்கு அப்பால் ஒரே கழிப்பறை இருந்தால் பெரிது. வீட்டில் வசதி இல்லையென்றால், கௌரவம் பாராமல் அரசின் பராமரிப்பு மையத்துக்குச் செல்வதே முறையாக இருந்தது. குறிப்பாக, அறுபது வயதைக் கடந்து சர்க்கரை, இரத்த அழுத்தம், இருதய நோய் உள்ளவர்களை மருத்துவ அதிகாரி பார்த்து அனுமதித்த பின்னரே வீட்டில் வைத்துப் பராமரிக்கலாம் என்றிருந்தது. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி மறைத்து விழுங்குவதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கபசுரக் குடிநீர் அருந்துங்கள். அதை அருந்தியதனால் நாள் கணக்கு குறைந்துவிடாது.

இனி, யாருக்கு என்ற கேள்வி. என் மனத்தை அதிகம் உறுத்துவது இது. நோயாளியிடம் அதிகாரிகள் கேட்டது, அறிகுறி தோன்றுவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து யார் யாரோடு பழகினீர்கள் என்பது. ஒரே வீட்டில் வசிப்பவர்களும், ஒரு மீட்டருக்குள் பாதுகாப்பின்றி நெருங்கியிருந்தவர்களும் நெருங்கிய தொடர்பாகக் கருதப்பட்டார்கள். ஒரே கூடத்தில் தள்ளி இருந்தவர்கள் அடுத்த நிலை. அந்தச் செந்துறை வீட்டில் இக்கேள்விக்குப் பதினொரு பெயர்கள் சொன்னார்கள். சித்தப்பா, அத்தை, சம்பந்தி வீட்டார் என்று பதினொருவரும் உறவினர். அவர்களில் நால்வர் அந்த வாரம் வாசற்படியே மிதிக்காதவர்கள். நாள்தோறும் திண்ணையில் அமர்ந்து பூ அளந்து கொடுத்துவிட்டு, அம்மையாரோடு அரை மணி நேரம் பேசிப் போகும் பூக்காரப் பெண்மணியின் பெயர் பட்டியலில் இல்லை. கோயில் மூடியிருந்ததால் வீடு வீடாகப் போய்ப் பிழைத்துக்கொண்டிருந்தவர் அவர். மேலும் ஒரு வாரம் அவர் எத்தனை திண்ணைகளில் அமர்ந்தாரோ!

யாரும் வேண்டுமென்று மறைக்கவில்லை. தொடர்பு என்றதும் நமக்கு உறவு நினைவுக்கு வருகிறது. தீட்டுக் கணக்கு அப்படித்தான் நம்மைப் பழக்கியிருக்கிறது. பம்பாயில் இருக்கும் பங்காளிக்குத் தீட்டு உண்டு; பால் ஊற்றுபவருக்கு இல்லை. கிருமியோ பங்காளியை விட்டுவிட்டுப் பால்காரரைப் பிடிக்கும். ஆகவே அதிகாரி கேட்கும்போது வம்சத்தை நினைக்காதீர்கள். அந்த இரண்டு மூன்று நாள்களைக் காலையிலிருந்து இரவுவரை நினைத்துப் பாருங்கள். பால், பூ, காய்கறி, முடிதிருத்துபவர், பஞ்சாங்கம் பார்க்க வந்தவர், மாலையில் பஜனைக்குப் பக்கத்தில் அமர்ந்தவர்.

வேண்டுமென்றே மறைத்தவர்களும் உண்டு. ஒட்டுவில்லை ஒட்டினால் ஊர் என்ன சொல்லும் என்ற அச்சம். அந்த அச்சத்துக்குக் காரணம் ஊரார்தாம். இறப்புத் தீட்டு உள்ள வீட்டை நாம் பழிப்பதில்லை. சமைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பது நம் வழக்கம். அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகியபோது அதைக் கண்டவர்கள் மரியாதையோடு விலகி நடந்தார்கள். எவரும் அவ்வீட்டாரை ஏசவில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள்வரை ஊரே காத்திருந்தது. வேப்பிலைக்கு இருந்த மரியாதை ஒட்டுவில்லைக்கு இல்லாமற்போனது நமக்குப் பெருமை தருவதன்று. செந்துறை வீட்டின் கிணற்றடிப் பக்கம் வரக் கூடாது என்று எதிர்வீட்டார் கூச்சலிட்ட அதே தெருவில், தினமும் மதில்மேல் தூக்குப் பாத்திரத்தில் குழம்பு வைத்துவிட்டுப் போன ஒரு வீடும் இருந்தது.

செட்டிகுளம் பக்கத்து அன்பர் ஒருவரின் கேள்வி நாள் தவறுவதற்குள் பதில் வேண்டியதாக இருந்தது. மாமனாருக்கு அம்மாதம் திதி வந்தது. 2020 செப்டம்பர் 17ஆம் தேதி வியாழக்கிழமை மகாளய அமாவாசை. வீடு தனிமைப்படுத்தப்பட்டிருந்தது. புரோகிதரைப் பின்வாசல் வழியே அழைக்கலாமா என்று கேட்டார். அம்மா, கூடாது. அந்தப் புரோகிதர் அன்று இன்னும் ஐந்து வீடுகளுக்குப் போவார். ஒவ்வொரு வீட்டிலும் நம்மைப் போன்ற முதியவர்கள் இருப்பார்கள். தீட்டு இடையிட்டால் அது கழிந்தபின் சிராத்தம் செய்வதை நம் முன்னோர் ஏற்றிருக்கிறார்கள். தவறிய திதியைத் தேய்பிறை ஏகாதசியிலோ அமாவாசையிலோ செய்வதும் வழக்கில் உண்டு. உங்கள் புரோகிதரைத் தொலைபேசியில் அழைத்து நாள் குறித்துக்கொள்ளுங்கள். அமாவாசையன்று எள்ளும் நீரும் இறைப்பதை வீட்டிலேயே அவர் சொல்லச் சொல்லச் செய்யலாம்.

கோயிலுக்குப் போகலாமா என்று கேட்டவர்களுக்கு: அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள் வீட்டிலேயே இருப்பது நலம் என்பது 2020இல் மத்திய அரசின் அறிவுரையாக இருந்தது. நம் வாசகர்களில் பாதிப்பேர் அதற்குள் வருவார்கள் என்பதால் இதை எழுதவே எனக்குக் கை வரவில்லை. போகிறவர்கள் முகக்கவசத்தோடு, கூட்டமில்லாத நேரத்தில் போய் வாருங்கள். சில கோயில்களில் அப்போது வாசலில் நோட்டு ஒன்றை வைத்துப் பெயரும் கைப்பேசி எண்ணும் கேட்டார்கள். மகனின் பழைய எண்ணையோ, மனத்தில் தோன்றிய எண்ணையோ எழுதிவிட்டு நகராதீர்கள். வீட்டு நாட்காட்டியிலும், அன்று எங்கே போனோம், யார் வந்தார்கள் என்று ஒரு வரி குறித்து வையுங்கள். அழைப்பு வந்தால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் பார்த்தே பதில் சொல்லலாம்.

புரட்டாசிச் சனிக்கிழமை விரதத்தைப் பற்றிக் கேட்டிருப்பவர்களுக்கு அடுத்த வாரம் எழுதுகிறேன்.